கச்சான் பிடிக்காத உம்மம்மா

முல்லைத்தீவில் கச்சான் மணக்காத வீடு குறைவு. நீராவிப்பிட்டியில் எங்கள் வீட்டிலும் கச்சான் பிடுங்கும் காலம் வந்தால் உம்மம்மாவின் அடுப்புக்கு ஓய்வில்லை. தாச்சியில் மணலைச் சூடாக்கி, கச்சானைக் கொட்டி, கை ஓயாமல் கிண்டுவார். ஆறியதும் கோது உடைத்துப் பருப்பை எங்கள் கைகளில் போடுவார். தான் மட்டும் ஒன்றையும் வாயில் போடமாட்டார். ஏன் என்று கேட்டால், "எனக்குக் கச்சான் பிடிக்காது மகள்" என்பார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

நான் அதை 16 வருடங்கள் நம்பினேன். போன வருடம் ஒரு நாள் உம்மா சிரித்துக்கொண்டே, "ஆர் சொன்னது? நாங்க சின்னப் பிள்ளையளா இருக்கேக்க எங்கட பங்கையும் சேர்த்துத் தின்னுறவ உங்கட உம்மம்மாதான்" என்றார். அன்றுதான் விளங்கியது. உம்மம்மாவுக்குக் கச்சான் பிடிக்காமல் போகவில்லை; சப்ப முடியாமல் போயிருக்கிறது. அதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. நாங்களும் ஒருவரும் கேட்கவில்லை.

பிறகு கவனித்துப் பார்த்தேன். இறைச்சி சமைத்தால் ஆணத்தை மட்டும் சோற்றில் விட்டுக்கொண்டு, துண்டைத் தம்பியின் கோப்பைக்குத் தள்ளுவார். ரொட்டியைத் தேநீரில் ஊறவைப்பார். கொய்யாப்பழத்தை மணந்து பார்த்துவிட்டு மேசையில் வைத்துவிடுவார். வெற்றிலையைக்கூடச் சின்ன உரலில் இடித்துத்தான் வாயில் போடுவார். நோன்பு மாதத்தில்தான் உம்மம்மா வயிறாரச் சாப்பிடுகிறார் என்று நாங்கள் பகிடி பண்ணுவோம். கஞ்சிக்குப் பல் தேவையில்லை என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவருடைய சட்டைகள் தொளதொளத்தபோது அதற்கும் "வயசு" என்று ஒரு காரணம் வைத்திருந்தோம்.

உம்மம்மா மாதம் ஒரு முறை கிளினிக்குக்குப் போகிறார். அங்கே நிறை பார்க்கிறார்கள், பிரஷர் பார்க்கிறார்கள், சீனி பார்க்கிறார்கள். எல்லாம் கொப்பியில் எழுதப்படுகிறது. மரக்கறியைக் கூட்டுங்கள், பழம் சாப்பிடுங்கள் என்ற நல்ல அறிவுரையும் கிடைக்கிறது. ஆனால் அந்த மரக்கறியை இவரால் சப்ப முடிகிறதா என்பதற்கு அந்தக் கொப்பியில் ஒரு வரி இல்லை. இதை ஓர் இடத்தின் குறையாக நான் சொல்லவில்லை. வீட்டிலும் வெளியிலும் நாம் எவருமே கேட்காத கேள்வி அது.

அந்தக் கேள்வியை நாம் கேட்கத் தொடங்க வேண்டும் என்பதும், கேட்பதோடு நிற்காமல் அளந்து பார்க்க வேண்டும் என்பதும்தான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வரும் கருத்து. அதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. உம்மாவின் கையிலிருக்கும் தொலைபேசியே தொடங்குவதற்குப் போதும்.

"கேட்டால் சொல்வார்கள்தானே, ஏன் அளக்க வேண்டும்?" என்று நீங்கள் நினைக்கலாம். சொல்ல மாட்டார்கள் என்பதற்கு எங்கள் உம்மம்மாவே சாட்சி. மறைப்பதற்காக மட்டும் அவர்கள் சொல்லாமல் விடுவதில்லை. பல் ஒரே நாளில் போவதில்லை. ஒன்று போனால் மறுபக்கத்தால் சப்பப் பழகுகிறோம். அதுவும் போனால் மெதுவான சாப்பாட்டுக்குப் பழகுகிறோம். கடைசியில் கஞ்சியும் இடியப்பமும் மட்டும் சாப்பிடுகிறவரும், "எனக்குச் சாப்பாட்டில ஒரு கரைச்சலும் இல்லை" என்று மனதாரச் சொல்வார். ஒருவர் தன் சப்பும் திறனைப் பற்றித் தானே சொல்வதும் சோதித்துப் பார்த்தால் தெரிவதும் பல வேளைகளில் ஒத்துப்போவதில்லை என்று பல் மருத்துவ ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன.

அப்படியானால் பற்களை எண்ணினால் போதாதா? வளர்ந்தவருக்கு 32 பற்கள். 20 பற்களாவது இருந்தால் ஓரளவு நன்றாகச் சாப்பிடலாம் என்பது பல் மருத்துவத்தில் பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. 80 வயதிலும் 20 பற்கள் என்ற இலக்குடன் ஜப்பான் 1989 இல் ஓர் இயக்கத்தையே தொடங்கியது. ஆனால் எண்ணிக்கை முழு உண்மையையும் சொல்லாது. மேல் கடைவாய்ப்பல்லும் கீழ்க் கடைவாய்ப்பல்லும் ஒன்றையொன்று சந்திக்காவிட்டால் எத்தனை பல் இருந்தும் பயன் குறைவு. நாக்கும் கன்னமும் உணவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். உமிழ்நீர் போதுமான அளவு சுரக்க வேண்டும். அம்மியின் கல்லை எண்ணி எவரும் சம்பலின் பதத்தைச் சொல்வதில்லை. அரைபட்டதைத் தொட்டுப் பார்த்துத்தான் சொல்வார்கள். சப்புதலையும் அப்படித்தான் அளக்க வேண்டும்.

ஆய்வாளர்கள் செய்ததும் அதுதான். 1950 இல் மான்லி, பிரேலி என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில் பயன்பட்ட உணவு எது தெரியுமா? கச்சான்! குறித்த தடவைகள் சப்ப வைத்து, துப்பச் சொல்லி, கழுவி, அரிதட்டில் அரித்துப் பார்த்தார்கள். எவ்வளவு தூள் கண்ணறைகளினூடே கீழே விழுகிறதோ அவ்வளவு நன்றாகச் சப்பியிருக்கிறார் என்று பொருள். இதை வாசித்தபோது எனக்குப் பெருமையாகவும் வெட்கமாகவும் இருந்தது. எங்கள் வீட்டு முற்றத்தில் காயும் ஒரு பொருளை வைத்து 75 வருடங்களுக்கு முன்பே அளந்திருக்கிறார்கள். அதே முற்றத்தில் இருந்த நாங்கள் கண்டுபிடிக்கவில்லை.

பிறகு வந்த முறைகள் இன்னும் சுலபமானவை. இரண்டு நிறச் சுவிங்கத்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து 20 தடவை சப்பச் சொல்கிறார்கள். அதை ஒளி ஊடுருவும் பையில் போட்டு ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்குத் தட்டையாக்கி, இரு பக்கத்தையும் படமெடுக்கிறார்கள். நன்றாகச் சப்பியவரின் சுவிங்கம் கலந்து ஒரே நிறமாக இருக்கும். சப்ப முடியாதவருடையது கோடு கோடாகப் பிரிந்து கிடக்கும். அந்தப் படத்திலுள்ள நிறச்சாயல்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று கணினி கணக்கிடுகிறது. கணிதத்தில் நியம விலகல் படித்த எவருக்கும் இது விளங்கும்: சிதறல் குறைந்தால் கலப்பு நன்று. இதற்கென்றே எழுதப்பட்ட 'வியூகம்' என்ற மென்பொருளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை 2013 இல் வெளிவந்தது.

ஜப்பானில் இன்னொரு வழியும் இருக்கிறது. குளுக்கோசு கலந்த ஜெலி ஒன்றை 20 செக்கன் சப்ப வேண்டும். பின்னர் கொஞ்சம் தண்ணீரை வாயில் எடுத்துத் துப்ப வேண்டும். அந்தத் தண்ணீரில் எவ்வளவு குளுக்கோசு கரைந்திருக்கிறது என்று ஒரு சின்னக் கருவி காட்டும். நம் வீடுகளில் விரலில் குத்திச் சீனி பார்க்கும் கருவியின் உறவுக்காரக் கருவி அது. ஒரு டெசிலீற்றருக்கு 100 மில்லிகிராமுக்குக் குறைந்தால் சப்பும் திறன் குறைந்திருக்கிறது என்று கொள்கிறார்கள். முதியோரின் வாயின் செயற்பாடு குன்றுவதை ஒரு நோய்நிலையாக ஏற்று, 2018 முதல் அங்கே மருத்துவக் காப்புறுதியிலும் சேர்த்திருக்கிறார்கள். அங்கே "வயசு" என்ற ஒற்றைச் சொல்லோடு யாரும் நிறுத்திக்கொள்ளவில்லை.

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் எனக்கு ஒரு பாடம். ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டிலேயே செய்து பார்த்தோம். கடையில் சிவப்பும் நீலமுமாகச் சுவிங்கம் வாங்கினேன். தம்பி, உம்மா, நான் மூவரும் 20 தடவை எண்ணிச் சப்பினோம். லஞ்ச் சீற்றுக்குள் வைத்துப் பலகையால் அமர்த்தி, சன்னல் வெளிச்சத்தில் படமெடுத்தேன். பாடசாலைக் கணினி அறையில் பைதன் மொழியில் நான் எழுதிய சிறு செய்நிரல் நிறச் சிதறலைக் கணக்கிட்டது. என்னுடையது ஊதாவாகக் கலந்திருந்தது. தம்பியுடையது பாதி சிவப்பு, பாதி நீலம். அவனுக்கு ஒரு பக்கக் கடைவாய்ப்பல்லில் சூத்தை. "இறைச்சி தின்னுறான் இல்ல, சாப்பாட்டில கள்ளம்" என்று உம்மா ஏசுகிற பிள்ளை அவன்தான். பெற்றோரே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். சாப்பாட்டை ஒதுக்கும் எல்லாப் பிள்ளைகளும் பிடிவாதக்காரர் அல்லர். சிலருக்குச் சப்பினால் நோகிறது; அதைச் சொல்லத் தெரியவில்லை.

உம்மம்மாவின் முறை வந்தபோது ஒரு சம்பவம் நடந்தது. கலியாண வீடுகளுக்கு மட்டும் போடும் கட்டுப்பல்லை எடுத்துப் போட்டுக்கொண்டு ஆர்வமாக உட்கார்ந்தார். ஐந்தாவது தடவையிலேயே சுவிங்கம் கட்டுப்பல்லில் ஒட்டி, பல்லே கழன்று வந்துவிட்டது. ஒரு கணம் நாங்கள் எல்லோரும் திகைத்தோம். பிறகு முதலில் சிரித்தவர் அவர்தான். சோதனைக்கென்று தயாரிக்கப்படும் சுவிங்கம் பல்லில் ஒட்டாத வகை; கடைச் சுவிங்கம் அப்படியல்ல. அது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

"அப்ப கச்சானைத் தா" என்றார் உம்மம்மா. 5 பருப்புகள் கொடுத்தேன். விழுங்காமல், 20 தடவை சப்பித் துப்பச் சொன்னேன். தேநீர் வடியில் போட்டுக் கழுவி, கறுப்புத் தாளில் பரப்பிப் படமெடுத்தேன். நான் சப்பியதையும் பக்கத்தில் பரப்பினேன். என்னுடைய தாளில் குறுமணல்போல் தூள். அவருடைய தாளில் 7 அரைப் பருப்புகள் அப்படியே கிடந்தன.

அவர் அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "இந்தப் பல்லுக் கட்டின நாளையிலயிருந்து கீழ்ப் பக்கம் நோகுது மகள். காசு குடுத்துக் கட்டித் தந்த பிள்ளையளிட்ட எப்பிடிச் சொல்லுறது?"

6 வருடங்கள்! அந்த வலியை 6 வருடங்கள் அவர் தனக்குள் வைத்திருந்தார். அன்று மாலை இன்னும் கொஞ்சம் சொன்னார். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவருக்கு 36 வயது. புத்தளத்தில் ஓலைக் கொட்டில் வாழ்க்கை. பல் நொந்தால் அடைக்கத் திரிய நேரமும் இல்லை, காசும் இல்லை. கழற்றினால் வலி போகும் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டார்கள். "அப்ப பிள்ளையளுக்குச் சோறுதான் யோசனை, பல்லு இல்ல" என்றார். எங்கள் ஊரில் அந்தத் தலைமுறையின் வாய்கள் பலவற்றில் இந்த வரலாறு இருக்கிறது. வன்னியில் போரின் கடைசிக் காலத்தை முகாம்களில் கழித்த தமிழ் அயலவர்களின் வாய்களிலும் இதுபோன்ற கதைகள் இருக்கும் என்றே நினைக்கிறேன். இழந்த காணியை அளந்தார்கள், இழந்த வீட்டை எண்ணினார்கள். இழந்த பல்லை எவர் கணக்கில் எடுத்தார்?

அடுத்த வாரம் உம்மா அவரைப் பல் வைத்தியரிடம் கூட்டிச் சென்றார். கட்டுப்பல்லின் ஓரம் பட்டு முரசில் புண். வைத்தியர் ஓரத்தைத் தேய்த்துக் கொடுத்தார். பல் போன இடத்து முரசும் எலும்பும் காலப்போக்கில் சுருங்கும் என்றும், அதனால் ஒருமுறை கட்டிய பல் எக்காலமும் அளவாக இருக்காது என்றும் விளங்கப்படுத்தினார். அது எங்களுக்குப் புதுச் செய்தி. கட்டுப்பல் என்றால் ஒருமுறை கட்டினால் முடிந்த காரியம் என்று எண்ணியிருந்தோம். புண் ஆறியபின் மீண்டும் 5 பருப்புகள் சப்பினார். இந்தமுறை 2 அரைப் பருப்புகளே மிஞ்சின. அல்ஹம்துலில்லாஹ். கட்டுப்பல் சொந்தப் பல்லுக்கு ஈடாகாது என்று எனக்குத் தெரியும். ஒரு வீட்டில் ஒரு முறை நடந்தது விஞ்ஞான நிரூபணமும் ஆகாது. ஆனால் மூடியிருந்த ஒரு பேச்சை அந்தப் படம் திறந்துவிட்டது.

இதை வாசிப்பவர்கள் சொல்லக்கூடிய மறுப்புகளை நானும் யோசித்தேன். முதலாவது, தொலைபேசிப் படத்தை நம்பலாமா? முழுதாக நம்ப முடியாது. வெளிச்சம் மாறினால் நிறம் மாறும். சுவிங்கம் மாறினால் கணக்கு மாறும். ஆகவே ஒருவரின் எண்ணை இன்னொருவரின் எண்ணோடு ஒப்பிடுவதில் பெரிய பயனில்லை. அதே வெளிச்சம், அதே உணவு, அதே 20 தடவை என்று வைத்து, ஒருவரின் இன்றைய படத்தை அவருடைய 6 மாதத்துக்குப் பிந்திய படத்தோடு ஒப்பிட்டால் பயனுண்டு. நோயை முடிவு செய்வது வைத்தியரின் வேலை. வைத்தியரிடம் போக வேண்டும் என்று நமக்குச் சொல்வதுதான் படத்தின் வேலை.

இரண்டாவது, எண்ணிக்கை ஒரு பைத்தியமாகிவிடாதா? ஆகலாம். அமெரிக்காவில் ஹொரஸ் பிளெச்சர் என்றொருவர் இருந்தார்; 1919 இல் காலமானவர். உணவு நீராகக் கரையும்வரை சப்ப வேண்டும் என்று ஊரூராகப் போதித்தார். பலர் சாப்பாட்டு மேசையில் ருசியை மறந்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். நமக்கு அது வேண்டாம். சாப்பிடும்போது எண்ணாதீர்கள். சோதிக்கும்போது மட்டும் எண்ணுங்கள்.

மூன்றாவது மறுப்புத்தான் எனக்குப் பாரமாகப் படுகிறது. இது முதியவர்களை வெட்கப்படுத்தாதா? வாயிலிருந்து துப்பியதைப் பேத்தி படமெடுப்பது சாதாரண விடயமல்ல. அதனால் சில ஒழுங்குகளை வைத்துக்கொண்டோம். அவர் விரும்பினால் மட்டும். நாமும் கூடவே சப்ப வேண்டும். முதலில் நம்முடைய படத்தைத்தான் காட்ட வேண்டும். அந்தப் படம் வட்ஸ்அப் குழுக்களுக்குப் போகக் கூடாது. தண்ணீர் குடிக்கும்போதே புரைக்கேறுகிறவர்களுக்கு இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. நோன்பு காலத்தில் நோன்பு திறந்த பிறகு செய்யலாம். ஜெலி, சுவிங்கம் வகைகளில் ஜெலற்றின் இருக்கலாம் என்பதால் ஹலால் அடையாளத்தைப் பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் படம் எல்லாவற்றையும் காட்டாது. இலங்கையில் ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். புகையிலை மட்டுமல்ல, பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004 இல் வகைப்படுத்தியது. வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைப் படலமோ இருந்தால், நன்றாகச் சப்புகிறவராக இருந்தாலும் உடனே வைத்தியரிடம் போக வேண்டும். உம்மம்மாவின் வெற்றிலை உரல் பற்றி எங்கள் வீட்டில் இப்போது இன்னொரு பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. அதில் நாங்கள் இன்னும் வெல்லவில்லை.

"வன்னியில் பல் வைத்தியரிடம் போவதே ஒரு நாள் பயணம், அளந்து என்ன செய்வது?" என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். தூரம் அதிகம் என்பதால்தான் அளக்க வேண்டும் என்பது என் பதில். பஸ்ஸுக்குக் காத்திருந்து, ஒரு நாள் கூலியை விட்டு, மருத்துவமனை வரிசையில் நிற்க வேண்டிய ஒருவருக்கு, போக வேண்டிய அவசியம் இருக்கிறதா என்பதை வீட்டிலேயே ஓரளவு அறிய முடிந்தால் அது பெரிய உதவி. கையில் இரண்டு படங்களோடு போகிறவர், "ஒண்டுமில்ல டொக்டர்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வரமாட்டார்.

எனவே மூன்று விடயங்களைக் கேட்கிறேன். மாதாந்தக் கிளினிக்கில் முதியவர்களிடம், "கச்சான், இறைச்சி, கொய்யா சப்ப முடியுதா?" என்ற ஒரு கேள்வியையாவது சேர்க்க வேண்டும். பாடசாலைச் சுகாதாரக் கழகமும் கணினிக் கழகமும் சேர்ந்து, எல்லோருக்கும் ஒரே மாதிரியான ஓர் எளிய செய்முறையை உருவாக்கலாம். அதைச் சரிபார்த்துத் தரும்படி பேராதனையிலுள்ள பல் மருத்துவ பீடத்திடம் வேண்டலாம். ஜெலியை ஜப்பானிலிருந்து இறக்கத் தேவையில்லை. நம் மண்ணின் கச்சான் இருக்கிறது. மூன்றாவது வேண்டுகோள் உங்களிடம்.

இன்றிரவு சாப்பிட உட்காரும்போது உங்கள் வீட்டு மூத்தவரின் கோப்பையைப் பாருங்கள். எதை ஊறவைக்கிறார், எதை நசிக்கிறார், எதை உங்கள் பக்கம் தள்ளுகிறார் என்று பாருங்கள். அன்பால்தான் தள்ளுகிறார். ஆனால் அது முழுக்க அன்பு மட்டும்தானா என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். நான் கேட்க 16 வருடங்கள் எடுத்தேன். நீங்கள் அவ்வளவு காலம் எடுக்க வேண்டாம்.

இந்த வருடமும் உம்மம்மா கச்சான் வறுத்தார். எங்களுக்குக் கொடுத்த பின், கொஞ்சம் மெதுவாக வறுபட்ட பருப்புகளாகப் பார்த்துப் பொறுக்கித் தன் மடியில் போட்டுக்கொண்டார்.